வாகரை மருதும் வண்டின் சுரங்கமும்

மட்டக்களப்பில் வந்து இறங்கியது முதல் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "வாவியில பாடும் மீனைக் கேட்டீங்களா?" இல்லை என்று சொன்னால், ஊருக்கு வந்தும் சாப்பிடாமல் திரும்புகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எனக்கோ மீனைக் கேட்க நேரமே இல்லை. வாவிக்கரையில் நிற்கும் மரங்களின் பட்டைகளைப் பார்ப்பதற்கே பகல் போதவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்துகிறவன். அத்தானுக்கு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் வேலை. ரயில் அந்த ஊரை எட்டிச் சில வருஷங்களே ஆகியிருந்ததால் ரயில்காரர் என்றால் அங்கே தனி மரியாதை. அக்காளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. குழந்தைக்கு வெள்ளி அரைஞாணும் அக்காளுக்குக் கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கோடை விடுமுறையில் கடல் தாண்டி வந்தேன். கொடுத்தாயிற்று. குழந்தையைக் கையில் வாங்கினேன், அவன் என் சட்டையை நனைத்தான். "முசுறு மாதிரிச் சிவப்பாக இருக்கிறானே" என்றேன். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்மேல் தப்பில்லை. வாசலில் நின்ற பூவரசில் அந்தச் செவ்வெறும்புகள் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வாயில் வேறென்ன வரும்?

எனக்கு மரப்பட்டைப் பைத்தியம். அதிலும் பட்டைக்கு அடியில் வண்டுகள் செய்யும் வேலை என்றால் சோறு வேண்டாம். தாய் வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. குஞ்சுப் புழு பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தின்றுகொண்டே போகிறது. வளர வளர அது போகும் சுரங்கமும் அகன்றுகொண்டே வரும். பட்டையை உரித்துத் திருப்பிப் பார்த்தால் அதன் பிறப்பு முதல் புறப்பாடு வரை கோடாகக் கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு முழுப் பலகை மாதிரியான பட்டை வேண்டும் என்று பல வருஷங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததெல்லாம் உள்ளங்கை அகலம், அதுவும் எடுத்ததும் பொடிந்துபோகும்.

அத்தானின் சிநேகிதர் காசிம் காக்கா காத்தான்குடிக்காரர். காக்கா என்றால் அங்கே அண்ணன். தறியில் நெய்த சாரங்களை வடக்கே வாகரைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டுத் தேனும் மெழுகும் வாங்கி வருகிறவர். ஒரு நாள் காலை அவர் வீட்டில் பிட்டும் எருமைத் தயிரும் சாப்பிட்டேன். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது என்றார், கவிழ்த்தும் காட்டினார். என் பைத்தியத்தை அத்தான் ஏற்கெனவே அவர் காதில் போட்டுவைத்திருந்தார்.

"தம்பி, பட்டை பாக்கவா கடல் கடந்து வந்தீங்க? இஞ்ச மரத்துக்கா பஞ்சம்? நாளைக்கு என்னோட ஒழும்பி வாங்க. வாகரைக் காட்டக் கண்ணால பாருங்க, மறுகா ஊருக்குப் போக மனசு வராது."

மறுநாள் மோட்டார் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸுக்குள் மனிதர்கள், கோழிகள், ஒரு பிரம்புக் கட்டில். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே போனேன். வயல் தாண்டி மரங்கள் அடர ஆரம்பித்ததும் என்னால் வாயை மூட முடியவில்லை. அதோ பாலை, கறுத்து வெடித்த பட்டை, இடுப்பளவுக்குக் கறையான் பூசிய மண்! அதோ முதிரை, தக்கையைப் போலத் தடித்த சாம்பல் பட்டை! நான் கத்தும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கோழியை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

பனிச்சங்கேணியில் தண்ணீரைக் கடக்கவேண்டும். மரத்தெப்பம் ஒன்று அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது. அந்தத் தெப்பத்துக்கு அங்கே 'பாதை' என்றே பெயர். பாதி வழியில் பாதை மணலில் தட்டி நின்றுவிட்டது. எல்லாரும் வேட்டியையும் சாரத்தையும் மடித்துக்கட்டி இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊராயிருந்தால் தெப்பக்காரனின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே ஒருவர் பாட்டெடுத்தார், மற்றவர்கள் அதற்கேற்பத் தள்ளினார்கள். காலில் நண்டு கடித்ததும் நானும் உரக்கப் பாடினேன்.

அக்கரையில் காக்காவுக்குத் தெரிந்தவரின் மாட்டு வண்டி காத்திருந்தது. அதைக் கரத்தை என்கிறார்கள். காட்டு வழியில் ஒரு வீரை மரம். பல மரங்களைச் சேர்த்துக் கட்டியதுபோல மேடும் பள்ளமுமான அடிமரம். அதன்மேல் பழுப்பு நாடா ஒன்று வளைந்து வளைந்து ஏறிற்று. ஒருவகைப் புழு தன் எச்சத்தையும் வாயிலிருந்து வரும் பட்டு நூலையும் கலந்து தனக்குக் கூரை போட்டுக்கொண்டு, அதன் அடியில் ஒளிந்து பட்டையைத் தின்கிறது. நான் ஓடும் வண்டியிலிருந்தே குதித்துவிட்டேன்.

"புழுவுக்கா கரத்தைய நிப்பாட்டச் சொல்லுறீங்க!" என்று காக்கா தலையில் கைவைத்தார். "நான் யானைதான் வந்திட்டெண்டு நினைச்சிட்டன்."

சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பை அடைந்தோம். தங்களை வேடர் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் சனங்கள். மீன் பிடிப்பார்கள், காட்டை வெட்டி எரித்த சேனையில் சோளன் போடுவார்கள், இந்தப் பருவத்தில் தேன் எடுப்பார்கள். காக்கா வழக்கமாகத் தங்கும் கொட்டிலில் எங்களுக்கு இடம் கிடைத்தது. சுட்ட சோளனும் கூனி இறால் சுண்டலும் சாப்பாடு.

ஆற்றங்கரை முழுக்க மருதமரம். தாமிரபரணிக் கரையில் மருதமரத்தின் கீழேயே வளர்ந்தவன் நான், ஆனாலும் இந்த மருதுகள் என்னைத் திகைக்கவைத்தன. எங்கள் ஊரில் மருதுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி நிறத்தையே மறைத்துவிடுவோம். இங்கே அவை சுத்தமாக நின்றன. வெளிறிய மேல்தோல் தகடு தகடாக உரிந்து விழ, அடியில் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையுமாகப் புதுத்தோல். குளித்துத் துவட்டாமல் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

விடிந்ததும் ஆற்றில் முகம் கழுவித் தொழப்போன காக்கா, திரும்பி வரும்போது எதையோ சாரத்தில் சுற்றித் தோளில் தூக்கி வந்தார். என் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே அளவெடுத்ததுபோல அடங்கியது ஒரு மருதம்பட்டை.

"ஒரு மருதுல ஒரு பக்கம் பட்டுப்போய்க் கிடக்கு தம்பி. கைய வச்சன், கழண்டு வந்திட்டு. பெட்டிக்கு அடங்க ஓரத்தக் கத்தியால சீவிட்டன். திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். என் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நூலளவில் தொடங்கிய சுரங்கங்கள் விரலகலம் வரை விரிந்து, வளைந்து, ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கி, பட்டை முழுவதும் ஓடின. ஒன்றின் முடிவில் புழு வண்டாகி வெளியேறிய துளை, வட்டம் பிசகாமல் இருந்தது. கண்ணீரே வந்துவிட்டது. காக்காவைக் கட்டிக்கொண்டேன். வெளிப்பக்கத்தில் மூன்று கீறல்கள் சாய்வாக இருந்தன. அது என்ன என்று கேட்டேன்.

"கரடி பிறாண்டினது. மேல பொந்துல தேன்பூச்சி போய் வருகுது. தேன் இருக்கிற மரத்தக் கரடி சும்மா விடுமா?"

பல வருஷமாகத் தேன் வாங்குகிறவர் சொன்னால் யார் மறுப்பது? கரடியின் கைவரிசையும் சேர்ந்து கிடைத்ததே என்று எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைதான் நீடித்தது. ஆற்றங்கரையில் சத்தம் கேட்டு ஓடினோம். அந்த மருதின் கீழே தோளில் கயிறும் கையில் புகைப்பந்தமுமாக ஒருவர் நின்றார். பெயர் கோணாமலை, மேற்குப்பக்கக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருக்கும் மரத்துக்கும் நடுவில் முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண்மணி. ஒல்லியான உடம்பு, இடுப்பில் கத்தி, வாய் நிறைய வெற்றிலை. அவர் செல்லாச்சி என்றும், நாங்கள் இருந்த கொட்டிலுக்கு இரண்டு வளவு தள்ளி வீடு என்றும் காக்கா சொன்னார்.

"இது என்ட மரம். போன வருசமே மூண்டு வெட்டுப் போட்டு வச்சிரிக்கன்," என்றார் செல்லாச்சி.

கோணாமலை குரலை உயர்த்தவில்லை. "நான் களவெடுக்க வரல்ல, அக்கா. வெட்டு இருந்தா இந்த மரத்தத் தொட்டும் பாக்க மாட்டன். வெட்டு எங்க? காட்டுங்க."

செல்லாச்சி திரும்பிக் கைவைத்த இடத்தில் வெறும் கட்டைதான் இருந்தது. காக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அல்லாவே! கரடி இல்லையா அது?" என்று என் காதில் முணுமுணுத்தார்.

பிறகுதான் அந்த ஊர் வழக்கம் எங்களுக்கு விளங்கியது. காக்காவும் கொட்டிலில் உட்கார்ந்து தேன் வாங்கியவரே தவிர, காட்டுக்குள் போய் மரம் பார்த்தவர் இல்லை. காட்டில் தேன் மரத்தை முதலில் காண்கிறவர் பட்டையில் தன் வெட்டைப் போட்டுவிட்டால் அது அவருடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். வெட்டில்லாத மரம் பொது. அங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். போகும்போது அவன் தாய் வெட்டிட்ட தேன் மரம் ஒன்றைப் பெண்ணுக்கு என்று கொடுத்து, அந்த மரத்துத் தேனையும் கலயத்தில் கொண்டுபோக வேண்டும். செல்லாச்சிக்கு ஒரே மகன் கதிரன், பெண் பிள்ளைகள் கிடையாது. மகன் பெண் வீட்டுக்குப் புறப்படுவது மறுநாள்.

"தெரிஞ்ச வேற மரத்திலயெல்லாம் ஆரோ ஆரோட வெட்டுக் கிடக்கு. இத விட்டா நான் எங்க போற? என்ட புள்ள ஆண்டிமாதிரி வெறுங்கையோட அந்த வளவுக்குள்ள ஏறுறதா?" என்று கேட்டார். கதிரன் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றான்.

பட்டை என் பெட்டியில் இருப்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். மூடிவைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு வராமலில்லை. அதற்குள் காக்கா முன்னே போய் நின்றுவிட்டார். "கோணாமலை, உரிச்சது நான். கரடி பிறாண்டினதெண்டு நினைச்சிட்டன். பட்டை இந்தத் தம்பியிட பெட்டிக்குள்ள இரிக்கி." நான் ஓடிப்போய்ப் பெட்டியோடு தூக்கிவந்தேன்.

கோணாமலை மூன்று வெட்டையும் பார்த்தார், தடவினார், மோந்தும் பார்த்தார். பழைய வெட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா காக்கா, ஆத்தங்கரை முழுக்க மருதுதானே. இந்தா, பக்கத்து மரமும் தோல் உரிஞ்சிதான் நிக்கிது. இது இந்த மரத்துப் பட்டை எண்டு எப்படி நம்புற?"

பட்டையை மரத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. பெட்டிக்கு அடங்குவதற்காகக் காக்கா சீவிய ஓரங்கள் எங்கேயும் ஒட்டவில்லை. நடுவில் வைத்தால் சுற்றிலும் இடைவெளி, எந்த மருதின் காயத்தில் வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். "என்ட கத்தி! என்ட கத்தி!" என்று காக்கா தன் கையையே அடித்துக்கொண்டார். செல்லாச்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்த வெறும் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மடையா, வருஷக்கணக்காய் எதைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறாய்? புழு போவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலே! சுரங்கத்தின் ஒரு பாதி பட்டையில், மறு பாதி மரத்தில்!

"ஓரத்தைப் பார்க்காதீங்க! உள்ளே பாருங்க!" என்று நான் போட்ட கூச்சலில் ஆற்றில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. கட்டையை வேட்டி முனையால் துடைத்தேன். வளைந்தும் நெளிந்தும் அதே கோடுகள், அங்கேயும் பள்ளமாக ஓடின.

கோணாமலை எளிதில் மடங்குகிற ஆள் இல்லை. என்னைப் பட்டையோடு திரும்பி நிற்கச் சொன்னார். கட்டையில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "வாத்தியார், இது கீழ நிண்டு வருகுது. சோத்துக்கைப் பக்கம் கிறுகி, மேல ஒரு சாண் போய், மறுகா கொக்கி மாதிரி மடங்குது. உங்கட பட்டையில இரிக்கா?"

பட்டையில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். அதைச் சொல்லிவிட்டுத் தேடினேன். இருந்தது! கொக்கி அப்படியே இருந்தது. இன்னொன்று கேட்டார், இருந்தது. அப்புறம் என்னை ஒன்றைச் சொல்லச் சொல்லி அவர் கட்டையில் தேடினார். அதுவும் இருந்தது. கடைசியில் அவரே பட்டையை வாங்கி, கொக்கிக்குக் கொக்கி சேர்த்து மரத்தில் அழுத்தினார். பள்ளத்தோடு பள்ளம் கூடி முழுச் சுரங்கமாயிற்று. ஓரத்தில் இடைவெளி இருந்தால் என்ன, ஒரு கோடும் இம்மி பிசகவில்லை.

கோணாமலை தோளிலிருந்த கயிற்றை இறக்கினார். "அக்காட மரம்தான்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். காக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கினார். செல்லாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா நிக்காம ஏறி எடுத்துத் தாவன், கோணாமலை. கயிறுதான் கொண்டு வந்திட்டயே," என்றார். அவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்.

பச்சை இலைப் புகை போட்டு, அங்கே வதை என்று சொல்லும் தேனடைகளை இறக்கினார்கள். அடையை அப்படியே கையில் பிய்த்துத் தந்தார் செல்லாச்சி. எங்கள் மலைத்தேன் உசத்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். இது இளஞ்சூடாக, லேசான துவர்ப்போடு, நாக்கில் நின்று நின்று இறங்கியது. மெழுகை எங்கே துப்புவது என்று விழித்தேன். காக்கா உள்ளங்கையை நீட்டினார், வியாபாரி அல்லவா!

வாய் இனித்துக்கிடந்த தைரியத்தில் மெல்லக் கேட்டேன். "மரம் உங்களுடையது என்று தெரிந்துபோயிற்று. இனி இந்தப் பட்டையை நான்..."

செல்லாச்சி பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது போகவேண்டிய இடத்துக்குப் போகணும், வாத்தியார். நாளைக்கு நீங்களும் வாங்க. நீங்க இல்லாட்டி இந்தப் பயணமே இல்ல."

மறுநாள் வெயில் ஏறுமுன் கிளம்பினோம். முன்னால் தேன் கலயத்தோடு கதிரன், பின்னால் பட்டையோடு தாய், அவர்களுக்குப் பின்னால் ஊர்ச் சனம். எங்கள் பக்கத்தில் பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது வீடே அழும். இங்கே ஆண்பிள்ளை புறப்படுகிறான். யாரும் அழவில்லை, பரிகாசமும் பாட்டுமாகத்தான் போனார்கள். செல்லாச்சிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிக்கவைத்தார். ஆனால் வழி நெடுகிலும் மகனின் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டே வந்தார். அது ஒருமுறைகூட நழுவவில்லை.

பெண் வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணின் பெயர் பூமணி. செல்லாச்சி அவள் இரண்டு கையிலும் பட்டையை வைத்தார். "இந்தா புள்ள, இனி இந்த மருது உன்ட மரம். வாற வருசம் உன்ட வெட்டப் போட்டுக்கொள்."

எல்லாரும் அந்த மூன்று வெட்டையும் தொட்டுப் பார்த்தார்கள். பூமணி மட்டும் பட்டையைத் திருப்பினாள். சுரங்கம் ஒன்றில் விரலை வைத்து, நூலளவில் தொடங்கிய இடத்திலிருந்து அகன்ற இடம் வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். இத்தனை வருஷத்தில் ஒரு மாணவனும் அப்படி விரலை வைத்ததில்லை.

"இந்தப் பூச்சி இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"வளர்ந்ததும் வெளியே போய்விட்டது அம்மா," என்று அந்த வட்டத் துளையைக் காட்டினேன். அவள் பட்டையைத் தூக்கி, துளையில் கண்ணை வைத்து, எதிரே உட்கார்ந்திருந்த கதிரனைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதிரன் நெளிந்தான், முற்றமே சிரித்தது. பட்டையைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தால் அதை யார் இப்படிப் பார்த்திருப்பார்கள்?

திரும்பும்போது நாங்கள் மூவர்தான் ஒன்றாக நடந்தோம், செல்லாச்சியும் காக்காவும் நானும். சரிசெய்யச் சால்வை இல்லாமல் செல்லாச்சியின் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. காக்கா என்னென்னவோ வேடிக்கை சொல்லிப் பார்த்தார், அவர் ஓம் ஓம் என்று தலையாட்டியதோடு சரி.

ஒரு வளைவில் செல்லாச்சி சட்டென்று நின்றார். பாதையோரத்து வீரை மரத்தின் பள்ளத்தில் தேன்பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தன. அவர் மரத்தைச் சுற்றிவந்தார். எங்காவது வெட்டு இருக்கிறதா என்று பட்டையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை உருவி, சாய்வாக மூன்று வெட்டுப் போட்டார்.

காக்கா கேட்டார்: "மகனுக்குத்தான் குடுத்தாச்சே, செல்லாச்சி. இது ஆருக்கு?"

அவர் கத்தியைச் சேலையில் துடைத்து இடுப்பில் செருகினார்.

"எனக்கு," என்றார்.